சர்வலோகக் கல்லூரியில் சமச்சீர்மை

இந்தப் பிரபஞ்சத்தைத் தாங்கி நிற்பது சமச்சீர்மை. நட்சத்திரங்கள் ஒழுங்காக எரிவதும், அணுக்கள் சிதறாமல் நிற்பதும், ஒளி வழிதவறாமல் வந்து சேர்வதும் அதன் தயவில்தான். காலம் தொடங்கும்போதே அது இருந்தது என்றும், காலம் முடிந்த பிறகும் இருக்கும் என்றும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி ஆந்திரா போகும் நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஸ்ரீ சர்வலோகப் பொறியியல் கல்லூரிக்கு மட்டும் அது கொஞ்சம் தாமதமாக, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தாளாளர் மசால் வடை தின்றுகொண்டிருந்தபோது வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்தவள் ஷஹனாஸ். வேண்டுமென்றே கொண்டுவரவில்லை. அவள் தன் சான்றிதழ்களைக் கேட்கத்தான் போனாள்.

சர்வலோகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் ஆசிரியர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொடங்கிக் கடைசியாக வாங்கிய பட்டம் வரைக்கும் எல்லா அசல்களையும் அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். 'பாதுகாப்பு கருதி' என்று நியமன ஆணையில் போட்டிருக்கும். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று போட்டிருக்காது. ஒப்படைத்தவை எல்லாம் அலுவலகத்து மெர்சியின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பச்சை பீரோவுக்குள் போகும். வேறு வேலைக்குப் போக நினைக்கிற ஆசிரியர் முதலில் அந்த பீரோவை நினைப்பார், நினைத்ததும் உட்கார்ந்துவிடுவார். கல்லூரி விளம்பரங்களில் 'நீண்டகால அனுபவமும் அர்ப்பணிப்பும் மிக்க ஆசிரியர்கள்' என்று வருவது இவர்களைத்தான்.

ஷஹனாஸ் பழவேற்காட்டில் இறால் மொத்த வியாபாரம் செய்யும் மொய்னுதீனின் மகள். கன்ஃபார்மல் குவாண்டம் புலக் கோட்பாட்டில் இயற்கணிதச் சமச்சீர்மைகள் என்ற தலைப்பில் முனைவர் பட்டம் வாங்கியவள். அந்த ஆராய்ச்சிக்குத் தேவை காகிதம், பேனா, டீ. இவற்றில் டீ மட்டும் சர்வலோகத்தில் கிடைத்தது. நான்கு வருடங்களாக முதலாண்டு மாணவர்களுக்கு ஊசலாட்டமும் ஒளிவிலகலும் நடத்தினாள். கோடையில் மற்ற ஆசிரியர்களோடு ஆரணி, சோழவரம் பக்கம் வீடு வீடாகப் போய், கல்லூரிக்குப் பிள்ளை பிடித்தாள். இரவில் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டு இரண்டு கட்டுரைகள் எழுதினாள். அந்தக் கட்டுரைகளைப் படித்த புனே ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். வராவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்கு.

தாளாளர் வரதன் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை வைத்திருப்பவர். ஆலைக்குப் பக்கத்து நிலம் சும்மா கிடக்கிறதே என்று கல்லூரி கட்டினார். புதிய மாணவர்கள் வந்து சேர்வதை இன்றைக்கும் 'லோடு வருது' என்றுதான் சொல்வார். அவருக்குப் பக்கத்தில், எப்போதும் நின்றபடி, முதல்வர் அன்புசெல்வன்.

"பூனாவா? அங்க இன்னாம்மா கீது? குளுருதான் கீது," என்றார் தாளாளர்.

"சார், ஒண்ணாந் தேதிக்குள்ள சேரணும். ஒரிஜினல்ஸ் குடுத்தீங்கன்னா..."

"குடுக்க மாட்டேன்னு சொன்னனா? நான் இன்னா அடகுக்கடையா வெச்சினு கீறேன்?" என்று முதல்வரைப் பார்த்தார். முதல்வர், இல்லை என்று தலையாட்டினார். "இருபத்தஞ்சாந் தேதி தரக்கல் வாரியத்துலருந்து கமிட்டி வருதும்மா. தங்கம், வெள்ளி, பித்தளைன்னு மூணு தரம். 'சிறப்பு ஆய்வு மையம்' ஒண்ணு இல்லாட்டி வெள்ளியோட நிப்பாட்டிடுவானாம். வெள்ளிக் காலேஜுக்கு எவன் லோடு அனுப்புவான்? நீ இன்னாமோ பெரிசா படிச்சிருக்கியாமே. அது இன்னாது?"

ஷஹனாஸ் தலைப்பைச் சொன்னாள். தாளாளர் வடையை நிறுத்திவிட்டு முதல்வரைப் பார்த்தார்.

"மிகவும் நவீனமான துறை சார்."

"உனுக்குப் புரிஞ்சிதா?"

"மிகவும் நவீனம் சார்."

அவள் சுலபமாகச் சொல்ல முயன்றாள். "சார், ஒரு பொருளத் திருப்பினாலோ, பெரிசு பண்ணாலோ, சிறுசு பண்ணாலோ அது மாறாம இருந்தா அதுல சமச்சீர்மை இருக்குன்னு சொல்லுவோம். அந்த மாதிரி மாத்தங்கள ஒண்ணோட ஒண்ணு பெருக்கினா இன்னா வரும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்குதான் என் வேலை."

"சிமெட்ரி!" தாளாளர் முகம் மலர்ந்தது. "இந்தாண்ட எப்டியோ அந்தாண்ட அப்டி. பட்டாம்பூச்சி மாதிரி."

"அது ஒரு வகை சார். கண்ணாடியில பாக்கற மாதிரி. நான் பண்றது அது இல்ல. சில சமச்சீர்மையத் திருப்பவே முடியாது. ஒரு தடவ செஞ்சுட்டா, பழையபடி ஆக்கற மறுசெயலே கெடையாது."

தாளாளர் முன்னால் சாய்ந்தார். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து ஒரு பாட விஷயத்துக்காக அவர் முன்னால் சாய்ந்தது அதுதான் முதல் தடவை.

"திருப்பவே முடியாதா?"

"முடியாது சார்."

"உள்ள போனா போனதுதான்."

"ஒரு விதத்துல..."

"அட, நம்ம மெர்சி பீரோ!" என்று மேசையைத் தட்டினார். "இத்தப் போயி இப்பத்தான் கண்டுபுடிச்சானுங்களா? எங்க நைனா காலத்துலருந்து நாங்க பண்ணிகினு கீறோம்."

முதல்வர் சிரித்தார். பிறகு ஷஹனாஸையும் சிரிக்கும்படி கண்ணால் கேட்டுக்கொண்டார்.

"மையத்த ஆரம்பிம்மா. கமிட்டிக்குக் காட்டு. தங்கம் வந்த அன்னிக்கே உன் காயிதத்த வாங்கிகினு ரயிலேறு. இது என் வாக்கு. அன்பு, எழுதிக்கோ."

முதல்வர் எழுதிக்கொண்டார். பென்சிலால்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. சமச்சீர்மைக்கென்றே சிறப்பு ஆய்வு மையம் அமையவிருக்கும் ஒரு கல்லூரியின் வளாகம் சமச்சீராக இல்லாதிருப்பது மாண்புமிகு குழுவினரிடையே தவறான எண்ணத்தை ஏற்படுத்தக்கூடும் என்பதால், பிரதான வாயிலிலிருந்து பார்க்கும்போது இடப்புறம் உள்ள அனைத்தும் வலப்புறமும், வலப்புறம் உள்ள அனைத்தும் இடப்புறமும் இருத்தல் வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. 'அனைத்தும்' என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டிருந்தது.

ஷஹனாஸ் முதல்வர் அறைக்கு ஓடினாள்.

"சார், இதுக்கும் என் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்ல. நான் சொன்னது இயற்கணிதம்."

"எனக்குத் தெரியும் மேடம். கமிட்டிக்குத் தெரியாது. தெரியாதவங்களுக்குத் தெரியற மாதிரி எதையாவது செய்யறதுக்குப் பேர்தான் நிர்வாகம்."

"பாத்தா சிரிப்பாங்க சார்."

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். எந்தக் கமிட்டியும் சிரிச்சு நான் பாத்ததில்ல. நீங்க மையத்தப் பாருங்க. வளாகத்த நாங்க பாத்துக்கறோம். உங்களுக்கு ஒரிஜினல்ஸ் வேணும்ல?"

வேண்டும். அதனால் வெளியே வந்தாள்.

வளாகத்தைப் பார்த்துக்கொண்டவர் பட்டறைப் பயிற்றுநர் பீட்டர். வாயிலுக்கு இடப்புறம் ஒரு வேப்பமரம் இருந்தது, வலப்புறம் இல்லை. வெட்டினால் வனத்துறை கேட்கும். அதனால் ஆலையிலிருந்து முறுக்குக் கம்பி கொண்டுவந்து, வலப்புறம் அதே உயரத்தில் ஒரு வேப்பமரத்தைப் பற்றவைத்தார் பீட்டர். இலைக்குத் தகரம். பச்சை வண்ணம் போதாமல் பாதி மரம் ஆலையின் நீலத்தில் நின்றது. மறுநாள் காலை இரண்டு காக்கைகள் வந்து இரண்டு மரத்தையும் பார்த்துவிட்டு எதிலும் உட்காராமல் போய்விட்டன.

கழிப்பறை இடப்புறம் மட்டும்தான். வலப்புறம் இன்னொன்று கட்ட நேரமில்லை. எனவே அந்தப் பக்கச் சுவரில் அதே அளவுக்கு ஒரு கதவை வரைந்தார்கள். வரைந்தவர் சினிமா பேனர் எழுதிப் பழகியவர்; கைப்பிடியில் வெளிச்சம் பட்டு மின்னுவதுகூட இருந்தது. அன்று மாலைக்குள் மூன்று மாணவர்களும் ஒரு பேராசிரியரும் அதில் மோதிக்கொண்டார்கள்.

வாயிலுக்கு நேர் எதிரே தாளாளரின் தந்தையாருடைய சிலை. வலக்கையை உயர்த்தி நெடுஞ்சாலையைச் சுட்டிக்காட்டியபடி நின்றிருந்தார். இடக்கை தொடையோடு ஒட்டியிருந்தது. இதைத்தான் முதல்வர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பீட்டரைக் கூப்பிட்டார். இரண்டு மூட்டை சிமென்ட் செலவில், பெரியவர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலையைப் பார்த்து நின்றார். அந்த வழியாக வந்த லாரிகள் வேகத்தைக் குறைத்தன.

தாளாளர் காரை விட்டு இறங்கியதும் திடுக்கிட்டார். "நைனா இன்னாத்துக்குடா சரண்டர் ஆவறாரு?"

"இரு கரங்களாலும் ஆசீர்வதிக்கிறார் சார்," என்றார் முதல்வர்.

தாளாளர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பார்த்தார். "அப்ப சரி," என்றார். ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தன்னையறியாமல் பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அடுத்து ஆட்கள். பக்கவாட்டில் வகிடு எடுப்பவர்கள் நடுவகிடு எடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். இந்த ஏற்பாட்டில் எந்தச் சிரமமும் இல்லாதவர் முதல்வர் ஒருவர்தான், அவருக்கு வழுக்கை. சட்டைப்பையில் பேனா வைப்பவர்கள் பையே இல்லாத சட்டை போட வேண்டும். ஷஹனாஸை மெர்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மேடம், ஸ்கார்ஃப்ல இந்தாண்ட மட்டும் பின்னு கீது பாருங்க. அந்தாண்டயும் ஒண்ணு குத்திக்கோங்க. சார் பாத்தா பேஜாரு."

"இது உனக்கே நியாயமா இருக்கா மெர்சி?"

"எனக்கு எதுக்கு மேடம் நியாயம்? நான் ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி கம்மல் போட்டுனு கீறேன். எனக்கு ஒரு கொறையும் இல்ல."

ஷஹனாஸ் இன்னொரு ஊசியை வாங்கிக் குத்திக்கொண்டாள். பீரோ இரண்டடி தூரத்தில் இருந்தது.

அன்று மாலை, பழவேற்காட்டில் வாப்பாவின் கிடங்கில் ஐஸ்பெட்டிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மொய்னுதீன் இறாலைத் தரம் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப காயிதம் குடுக்கல."

"இருபத்தஞ்சாந் தேதி குடுத்துடுவாங்க வாப்பா."

"நான் இத்தினி வருசமா ஏவாரம் பண்றேன். சரக்கு வாங்கறவன் எவனும் என் தராசப் புடுங்கி வெச்சுக்கினு, 'பாதுகாப்புக்கு'ன்னு சொன்னதில்ல. நீயாப் போயி குடுத்துட்டு வந்திருக்க."

"எல்லாரும்தான் குடுத்தாங்க வாப்பா."

"எல்லாரும் படிச்சவங்களாச்சே, அதான் கேக்கறேன்." ஒரு பெரிய இறாலைத் தனியாக எடுத்து வைத்தார். "சரி உடு. பூனாவுல கடல் கீதா?"

"இல்ல வாப்பா."

"கடல் இல்லாத ஊர்ல இன்னாத்த ஆராய்ச்சி பண்ணுவாங்க," என்றார். ஆனால் அந்தப் பெரிய இறாலை இரவுக்கு வறுக்கச் சொல்லி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

மையத்துக்குப் பழைய பொருள் வைக்கும் அறையை ஒதுக்கினார்கள். ஷஹனாஸ் ஒரு வெள்ளைப் பலகையைச் சுவரில் மாட்டி, தன் கணக்கு ஒன்றை அழகாக எழுதி வைத்தாள். முதல்வர் வந்து பார்த்துவிட்டு, "கருவி எங்க மேடம்?" என்றார்.

"இதுக்குக் கருவி கெடையாது சார். பலகைதான்."

"பத்து லட்சத்துக்குக் குறைஞ்ச கருவி இருந்தா 'மையம்'னு எழுத மாட்டாங்க. 'அறை'ன்னு எழுதுவாங்க. அறைக்குத் தங்கம் கிடையாது. தங்கம் இல்லன்னா..." என்று நிறுத்தி, அலுவலகம் இருக்கும் திசையைப் பார்த்தார்.

ஆலையிலிருந்து கழித்துப்போட்ட இரண்டு இரும்புச் சக்கரங்கள் வந்தன. பீட்டர் அவற்றைத் தேய்த்து, வெள்ளி வண்ணம் அடித்து, ஒரு சட்டத்தில் எதிரெதிராக மாட்டினார். உணவகத்து மாவரைக்கும் கிரைண்டரின் மோட்டாரைக் கழற்றிவந்து பொருத்தினார். ஒன்று இடப்புறமும் மற்றது வலப்புறமும் சுற்றின. அந்த வாரம் விடுதியில் நாஷ்டாவுக்கு இட்லி இல்லை. மாணவர்கள் விஞ்ஞானத்துக்காக உப்புமா சாப்பிட்டார்கள். சட்டத்தின் நடுவில் பெரியதாக ஒரு சிவப்புப் பொத்தான்.

"பீட்டர் சார், இந்த பட்டன் எதுக்கு? ஒயரே இல்லயே."

"கமிட்டிக்காரங்க எதனா அமுக்கணும் மேடம். இல்லாங்காட்டி கை சும்மா இருக்காது. போன கமிட்டியில ஒருத்தரு ஃபயர் அலாரத்த அமுக்கிட்டாரு."

இருபத்து நான்காம் தேதி பூசை போட்டார்கள். வழக்கமாக ஒரு பூசணிக்காய். இந்த முறை இரண்டு, ஒரே நேரத்தில். உடைத்த இருவரில் ஒருவர் அரைநொடி பிந்திவிட்டார். முதல்வர் இன்னும் இரண்டு வாங்கிவரச் சொன்னார்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் பார்த்திபன், கான்கிரீட்டில் நிபுணர், ஓய்வு பெற்றவர். அவருக்கு இருபுறமும் ஒவ்வொரு உறுப்பினர். இருவரும் ஒரே உயரம், ஒரே நிறச் சபாரி. இதையும் முதல்வர்தான் ஏற்பாடு செய்தார் என்று வளாகத்தில் பேச்சு வந்தது. உண்மையில் அது தற்செயல்.

தலைவர் சிலைக்கு முன் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். கம்பி வேப்பமரத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல வலு," என்றார். பிறகு மையத்துக்குள் வந்து, யாரும் சொல்லாமலே சிவப்புப் பொத்தானை அமுக்கினார். அறைக்கு வெளியே சன்னலோரம் குந்தியிருந்த பீட்டர் சுவிட்சைப் போட்டார். சக்கரங்கள் சுற்றின. அறை முழுக்கப் புளித்த மாவு வாசனை வந்தது.

"நான் கான்கிரீட்காரன்," என்று தொடங்கினார் தலைவர். "ஆனா விஞ்ஞானம் எல்லாம் ஒண்ணுதான். இறுகிடுச்சா, இறுகலையா, அவ்வளவுதான் கேள்வி. எத்தனையோ மையங்களப் பாத்திருக்கேன். பாதிக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரியல. அதுக்கெல்லாம் வெள்ளிதான் குடுத்தேன். எதுக்குள்ள என்ன நடக்குதுன்னு அங்க இருக்கறவங்களுக்கே புரியலயோ, அதுக்கு மட்டும்தான் தங்கம். ஏன்னா அது முன்னோடி ஆராய்ச்சி."

இருபுறத்து உறுப்பினர்களும் ஒரே சமயத்தில் குறித்துக்கொண்டார்கள்.

"ஆண்டுக்கு எத்தனை சமச்சீர்மை வெளிவருது?"

"அப்படி உற்பத்தி பண்றது இல்ல சார்," என்றாள் ஷஹனாஸ்.

"இருநூறு சார்," என்றார் முதல்வர்.

"பயனாளிகள்?"

"சுற்றுவட்டார விவசாயிகள் சார்."

"எந்த வகையில?"

முதல்வர் இருபுறத்து உறுப்பினர்களையும் பார்த்தார். "இரு வகையிலும் சார்."

ஷஹனாஸுக்குத் தாங்கவில்லை. இந்தக் கேள்விகளின் முடிவில்தான் பீரோ இருக்கிறது, புனே இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தும் வாய் முந்திக்கொண்டது. "சார், உண்மைய சொல்லிடறேன். இந்த மெஷினுக்கும் என் ஆராய்ச்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. இது வெறும் சக்கரம். அந்தப் பலகையில இருக்கறதுதான் என் வேலை."

கதவோரம் நின்ற தாளாளரின் முகம் உலைவாய் மாதிரி சிவந்தது. முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு வருடச் சம்பாத்தியமும் அதற்கு முந்தைய இருபது வருடப் படிப்பும் பச்சை பீரோவுக்குள்ளேயே தங்கிவிடப் போகிறது என்று ஷஹனாஸ் முடிவுகட்டினாள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாருங்க," என்று உறுப்பினர்களிடம் திரும்பினார். "கோட்பாடு தனி, செயல்முறை தனி. வேற காலேஜ்ல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்து குழம்பிக் கெடக்கும். இங்க சுத்தமா பிரிச்சு வெச்சிருக்காங்க. எழுதிக்கோங்க." பலகைப் பக்கம் போனார். "இது என்னம்மா சொல்லுது?"

"இது திருப்ப முடியாத ஒரு சமச்சீர்மை சார். சாதாரணமா ஒரு மாத்தத்த செஞ்சா, அதுக்கு எதிர்மாத்தத்த செஞ்சு பழைய எடத்துக்கு வந்துடலாம். இதுல முடியாது. இத இதோடயே பெருக்கினா, ஒண்ணு வராது, ரெண்டு விஷயத்தோட கூட்டல் வரும். இத இல்லன்னு ஆக்கற எதிர்ச்செயல் எங்கயும் கெடையாது."

"அதாவது, செஞ்சத திருத்த முடியாது."

"முடியாது சார்."

"அதனால யாரும் திருத்தறது இல்ல."

"அப்படி இல்ல சார்..."

"மறுவேலை பூஜ்ஜியம்!" தலைவரின் குரல் தழுதழுத்தது. "முப்பது வருஷமா நான் கான்ட்ராக்டருங்ககிட்ட மன்றாடினேன். ஊத்தினத ஒடைக்காதீங்க, திரும்ப ஊத்தாதீங்கன்னு. ஒருத்தன் கேக்கல. இங்க ஒரு பொண்ணு அத கணக்காவே நிரூபிச்சு வெச்சிருக்கு."

தாளாளர் முகம் மெதுவாகப் பழைய நிறத்துக்கு வந்தது. "நம்ம நிர்வாகமே அப்டித்தான் சார்," என்றார் பணிவாக. "தப்பா செஞ்சாலும் திருத்த மாட்டோம்."

மையத்தின் தலைவர் என்ற முறையில் ஷஹனாஸின் தகுதிச் சான்றுகளை அசலாகப் பார்க்க வேண்டும் என்றார்கள். மெர்சி பீரோவைத் திறந்து கோப்பைக் கொண்டுவந்து வைத்தாள். நான்கு வருடம் கழித்து ஷஹனாஸ் தன் காகிதங்களை அப்போதுதான் பார்த்தாள். அதுவும் மேசையின் மறுபக்கத்திலிருந்து, தலைகீழாக. தலைவர் ஒவ்வொன்றாகப் புரட்டி, திருப்தியாகத் தலையாட்டிக் கோப்பை மூடினார். மெர்சி எடுத்துக்கொண்டு போனாள். பூட்டுகிற சத்தம் மையம் வரைக்கும் கேட்டது.

இதற்குப் பிறகுதான் தலைவர் முதல்வரின் காதில் ஏதோ கேட்டார். முதல்வர் இடப்பக்கம் கைகாட்டினார். அதற்குள் தலைவர், வலப்பக்கம் ஒரு கதவு பளபளப்பாக இருப்பதைப் பார்த்து அதை நோக்கி நடந்துவிட்டார். கைப்பிடியைப் பிடித்தார். பிடிபடவில்லை. மறுபடி பிடித்தார். உறுப்பினர்கள் இருவரும் உதவிக்குப் போய் ஆளுக்கொரு பக்கம் நின்று சுவரைத் தள்ளினார்கள். கண்டுபிடித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் முதல்வர் முன்னால் வந்தார்.

"சார், மன்னிக்கணும். அந்த வசதி தற்போது கோட்பாட்டு நிலையில் உள்ளது."

தலைவர் சுவரையும் முதல்வரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் வேகமாக, "அப்போ செயல்முறை எங்க?" என்றார்.

"இடப்புறம் சார்."

"தனித்தனியா," என்று பாராட்டிக்கொண்டே அந்தப் பக்கம் விரைந்தார்.

மாலை நிறைவுக் கூட்டத்தில் தங்கம் அறிவித்தார்கள். தாளாளர் நன்றி சொல்ல எழுந்தார். இடத்தோளில் ஒன்று, வலத்தோளில் ஒன்று என்று இரண்டு பொன்னாடைகள்.

"இந்தக் காலேஜ் ஆரம்பிக்கச் சொல்லோ எங்க நைனா ஒண்ணு சொன்னாரு. 'இரும்ப உருக்கினா கம்பி வருது. புள்ளைங்கள உருக்கினா இன்னா வருதுன்னு பாக்கலாம்டா'ன்னாரு. இன்னும் பாத்துகினே கீறோம்." கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். "நம்ம ஷஹனாஸ் மேடம் பூனாவுக்குப் போறாங்க. வாக்கு குடுத்தேன். குடுத்த வாக்க நான் மீறினது இல்ல. அதனாலதான் யாருக்கும் குடுக்கறது இல்ல. இவங்களுக்குக் குடுத்துட்டேன். அன்பு, காயிதத்தக் குடுத்துடு."

பென்சிலில் எழுதியதை முதல்வர் அழிக்கவில்லை. ஆனால் மையத்தை ஒப்படைக்காமல் எப்படிப் போவது என்றார். யாரிடம் ஒப்படைப்பது என்று யோசித்தார்கள். பொத்தானை அமுக்கும்போது சக்கரம் ஏன் சுற்றுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் என்ற முறையில் பீட்டர் மையத் தலைவராக நியமிக்கப்பட்டார். கிரைண்டர் மோட்டாரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று அவர் கேட்டதற்கு, தங்கம் வாங்கிய கருவியை இட்லிக்குத் தர முடியாது என்று பதில் வந்தது.

அலுவலகத்தில் மெர்சி பீரோவைத் திறந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வைத்தாள். அதன்மேல் ஒரு தாள். 'எனது அசல் சான்றிதழ்கள் அனைத்தையும் எவ்விதச் சேதமுமின்றி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன். இது குறித்துப் பின்னாளில் எவ்வித உரிமையும் கோர மாட்டேன்.'

"கையெழுத்து போட்டாத்தான் மேடம் உறைய தொடலாம். ரூல்சு."

"பாத்துட்டுப் போடறேனே."

"பாத்துட்டுப் போட்ட ஸ்டாஃப இதுவரைக்கும் நான் பாத்ததில்ல மேடம். சாரு கெளம்பிட்டாருன்னா அப்புறம் திங்கக்கெழமதான்."

ரயில் மறுநாள். ஷஹனாஸ் கையெழுத்துப் போட்டாள். மெர்சி தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு உறையை நீட்டினாள்.

"ஒண்ணு சொல்லணும் மேடம். எல்லா ஃபைலுக்கும் டேக் கட்டறதுக்கு இடது மேல் மூலையில ஒரு ஓட்ட போட்டிருந்தேன். கமிட்டி பாக்கப் போவுதுன்னு முதல்வர் சார் வந்து பாத்துட்டு, 'வலதுலயும் ஒண்ணு போடு'ன்னாரு. நேத்து பூரா உக்காந்து எல்லா ஸ்டாஃப் சர்டிஃபிகேட்லயும் போட்டேன். கை வீங்கிடுச்சு."

ஷஹனாஸ் உறையைப் பிரித்தாள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலை, முதுநிலை. எல்லாவற்றிலும் வலது மேல் மூலை வெறும் ஓரம்தான். ஓட்டையால் ஒன்றும் கெடவில்லை. கடைசியில் முனைவர் பட்டம் இருந்தது. அவள் பட்டம் வாங்கிய வருடத்திலிருந்துதான் பல்கலைக்கழகம் வலது மேல் மூலையில் பட்டதாரியின் புகைப்படத்தை அச்சிடத் தொடங்கியிருந்தது.

புகைப்படத்தில் அவளுக்கு மூக்கு இல்லை.